ஆயா, தாத்தா கதைகளைப் பதிவு செய்ய உதவுங்கள்

‘அவன் சரியான எம்டன்’ என்று யாரையாவது திட்டியோ மெச்சியோ கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டுப் போனது. பார்த்தவர்கள் ஒருவரும் இன்று இல்லை, பெயர் மட்டும் இன்னும் தெருவில் புழங்குகிறது. திண்ணையில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொன்னவர்கள் செய்த வேலை அது.

ராயபுரம், காசிமேடு, ஓட்டேரி பக்கம் இருக்கிற நாங்கள் பன்னிரண்டு பேர் போன வருஷத்திலிருந்து பெரியவர்களிடம் கதை கேட்டு வருகிறோம். 1966 புயலில் மெரினாவில் தரைதட்டிய ஸ்டாமாடிஸ் கப்பலை வேடிக்கை பார்க்கப் போனது, பி அண்ட் சி மில் சங்கு ஊதியதும் தெருவே எழுந்துகொண்டது, இப்படி நிறைய.

காசிமேட்டில் ஒரு தாத்தா. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்றும், கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்றும் பெயர் வைத்திருக்கிறார்களே, அதைக் கேட்டு எழுதலாம் என்று நோட்டும் கையுமாகப் போனோம். ரெண்டு சொன்னார், அப்புறம் பீடியைப் பற்றவைத்துவிட்டார். சாயங்காலம் பேத்தி வந்து மடியில் உட்கார்ந்ததும் கட்டுமரம் கவிழ்ந்த கதையை ஆரம்பித்தார் பாருங்கள், அத்தனை பெயரும் வரிசையாக வந்தன, எந்தக் காற்றில் எந்த மீன் கிடைக்கும் என்பது உட்பட. கைப்பேசியில் பதிவு செய்தோம், போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் மின்விசிறி இரைச்சல். சரி, நல்ல மைக் வாங்கிக்கொண்டு வரலாம் என்று விட்டுவிட்டோம். பொங்கல் கழித்துப் போனபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தது.

அதனால்தான் கேட்கிறோம். ஒலிப்பதிவுக் கருவி, சட்டையில் மாட்டும் மைக், ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு ஹார்ட் டிஸ்க், எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். பேசுகிற மாதிரியே கேட்டு எழுதும் பிள்ளைகளுக்கு 48,000. மாதம் இரண்டு ஞாயிறு சாயங்காலம் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒரே இடத்தில் உட்காரவைக்க, ஆட்டோ, டீ, பஜ்ஜி உட்பட வருஷத்துக்கு 72,000. ஆக 1,80,000. நாங்கள் போட்டது 35,000.

பஜ்ஜிக்கெல்லாமா நன்கொடை என்று ஒருவர் கேட்டார். ஆமாம், பஜ்ஜிக்கும்தான். கேட்க ஒரு குழந்தை இல்லாமல் மைக்கை மட்டும் நீட்டினால் கதை வராது, அந்தத் தாத்தாவிடம் கற்றது.

சொன்னவர் வேண்டாம் என்றால் பதிவு வெளியே போகாது. வீட்டுக்கு ஒரு பிரதி பென் டிரைவில் தருவோம். குழுவில் உங்களுக்குத் தெரிந்தவரிடம் பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், நூறு ரூபாயும் நல்ல பணம்தான். முடியாதவர்கள் வீட்டு ஆயாவை அனுப்பிவையுங்கள், ஆட்டோ எங்கள் பொறுப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் வலையைப் பிரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டே பேசுவார்கள். அதற்குள் கருவி கைக்கு வந்துவிட வேண்டும்.