ஞாயிறு இரவு 9 மணி: தி க்யூர்

மக்களே, இந்த வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கப்போவது தி க்யூர் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. 2024 நவம்பர் 1 அன்று வந்தது. 2008க்குப் பிறகு அவர்களுடைய முதல் ஆல்பம். பதினாறு வருடம் காக்க வைத்துவிட்டு எட்டே எட்டுப் பாட்டு! ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். முதல் பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பாட்டில் ஆறு நிமிடம். தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். கீபோர்டும் டிரம்ஸும் மெல்ல மெல்ல ஏறி வருவதில்தான் விஷயமே இருக்கிறது. ஆல்பம் வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது; அப்போதும் அந்தக் குரல் இளைக்கவில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம், தூக்கம் வராதவர்களுக்கு ஃபோன்டெயின்ஸ் டி.சி. குழுவின் 'ரொமான்ஸ்' ஆல்பம். அயர்லாந்தின் டப்ளினில் உருவான குழு. 'ஸ்டார்பர்ஸ்டர்' பாட்டில் மூச்சை வெடுக்கென்று இழுக்கும் சத்தமே தாளம் மாதிரி வரும்.

ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'பேஸே இல்லையே' என்று யாரும் எழுதக்கூடாது (போன தடவை எழுதியவருக்குத் தெரியும்). திருட்டு டவுன்லோட் லிங்க் போட்டால் உடனே நீக்கிவிடுவேன்.