டைப் 55: பிரிண்டுக்கு ஒரு ஒளி அளவு, நெகட்டிவுக்கு ஒரு ஒளி அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, போலராய்டு டைப் 55 ஃபிலிமில் ஒருமுறை படமெடுத்தாலே பிரிண்டும் நெகட்டிவும் கையில் கிடைத்துவிடும் என்கிறது. கிடைப்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒருசேர நன்றாக வருவது அபூர்வம். 2008-இல் போலராய்டு தன் இன்ஸ்டன்ட் ஃபிலிம் உற்பத்தியைக் கைவிட்டது. மிச்சமிருக்கும் பெட்டிகளை ஏலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் ஒரு தாளைக்கூட வீணாக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1961-இல் வந்த இந்த 4x5 அங்குலத் தாளின் பெட்டியில் வேகம், அதாவது ஒளியுணரும் திறன், ஐஎஸ்ஓ 50 என்று போட்டிருக்கும். அது பிரிண்டுக்கான கணக்கு. நெகட்டிவின் வேகம் உண்மையில் ஐஎஸ்ஓ 25 முதல் 32 வரைதான்; அதாவது அதற்குக் கூடுதல் ஒளி வேண்டும். காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. படமெடுத்த தாளின் உறையை ஹோல்டரின் உருளைகளுக்கு நடுவே இழுக்கும்போது, உறைக்குள் இருக்கும் ரசாயனப் பை உடைந்து, காரத்தன்மையுள்ள பசை நெகட்டிவுக்கும் பிரிண்ட் தாளுக்கும் நடுவில் பரவுகிறது. ஒளி பட்ட வெள்ளி உப்பு நெகட்டிவிலேயே வெள்ளியாக மாறி நின்றுவிடும். ஒளி படாத உப்பு கரைந்து எதிரே உள்ள பிரிண்ட் தாளுக்குப் போய் அங்கே கருப்பாகப் படியும். ஆகவே ஒளி கூடக்கூட, தாளுக்குப் போகும் வெள்ளி குறையும். மேகமும் வெள்ளைச் சட்டையும் வெறும் காகிதமாக நிற்கும். அதே இடங்களில் நெகட்டிவில் விவரம் முழுதாக இருக்கும். மறுபுறம், பிரிண்ட் அழகாக வரும்படி ஐஎஸ்ஓ 50-இல் எடுத்தால், நெகட்டிவின் நிழல் பகுதிகள் கண்ணாடிபோல் காலியாகிவிடும். அங்கே பதியாததை, நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரில் எப்படியும் மீட்க முடியாது.

எனவே எது வேண்டும் என்பதை ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தாள் செலவழிப்பதே நேர்மையான வழி. பிரிண்டுக்கு லென்ஸ் துளை எஃப் 22-இல் 1/15 நொடி என்றால், நெகட்டிவுக்கு அதே துளையில் 1/8 நொடி. இரண்டாவது தாளின் பிரிண்ட் வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி ஒளியைக் குறைத்துவிடக் கூடாது. அந்தப் பிரிண்டில் நிழல்கள் திறந்து தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். வெயில் இல்லாத மூடிய வானத்தில், ஒளி-நிழல் முரண் குறைந்த காட்சியென்றால் ஐஎஸ்ஓ 40 அளவில் ஒரே தாளில் சமாளிக்கலாம். உச்சி வெயிலில் அந்தச் சமரசம் இரண்டையும் கெடுக்கும். அமெரிக்க இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1968-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள எல் கேப்பிடன் பாறையை எடுத்தது இந்த டைப் 55-இல்தான். அவர் போலராய்டு நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தவர்.

கேமராவின் பின்புறம் பொருத்தும் போலராய்டு 545 ஹோல்டரில் நெம்புகோலை 'எல்' (லோடு) பக்கம் வைத்து உறையை முழுதாகத் தள்ளுங்கள். பிறகு உறையை நிற்கும்வரை இழுத்தால், நெகட்டிவ் மட்டும் உலோகக் கவ்வியோடு உள்ளே தங்கும். படமெடுத்ததும் உறையைத் திரும்பத் தள்ளி, நெம்புகோலை 'பி'க்கு (பிராசஸ்) மாற்றி, ஒரே சீராக வெளியே இழுக்க வேண்டும். நடுவில் ஒரு கணம் தயங்கினாலும் குறுக்கே ஒரு கோடு விழும். வரிசையாகப் புள்ளிகள் வந்தால் உருளையில் பழைய பசை காய்ந்திருக்கிறது என்று பொருள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் 20 நொடி, குளிரில் இன்னும் கூடுதலாக விட்டு, நெகட்டிவையும் பிரிண்டையும் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு வெளிச்சத்தில் முன்கூட்டியே பிரித்தால் நெகட்டிவ் சோலரைஸ் ஆகிவிடும், அதாவது படத்தின் கருப்பு-வெள்ளை ஓரளவு தலைகீழாகிவிடும். பசை தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

பிரித்த நெகட்டிவை உடனே சோடியம் சல்ஃபைட் கரைசலில் போட வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 220 கிராம் நீரற்ற சல்ஃபைட் கரைத்தால் 18 சதவீதம் வரும். ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கடையில் சல்ஃபேட்டோ தயோசல்ஃபேட்டோ கொடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்குவது முக்கியம், அவை இந்த வேலையைச் செய்யாது. மெதுவாக அசைத்தபடி ஒரு நிமிடம் வைத்தால் பசையும் பின்பூச்சும் கழன்றுவிடும். நம் ஊர்க் கோடையில் குழாய் நீர் 35 டிகிரியைத் தொடும்போது நெகட்டிவின் மேலுள்ள ஜெலட்டின் படலம் கூழாகி, விரல் நகம் பட்டாலே கீறும். தட்டைப் பனிக்கட்டி நீரில் அமர்த்தி 20 முதல் 24 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை மட்டும் பிடித்து, ஒரு நேரத்தில் ஒரே நெகட்டிவ். பிறகு ஓடும் நீரில் பத்து நிமிடம் அலசி, நீர்த்துளித் தடம் விழாமல் தடுக்கும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி கலந்த நீரில் முக்கித் தூசியில்லாத இடத்தில் தொங்கவிடலாம்.

பிரிண்டையும் சும்மா விடக் கூடாது. பெட்டியோடு வரும், பாதுகாப்புப் பூச்சு தடவும் கோட்டரை மூலைமுடுக்கு விடாமல் தேய்க்காவிட்டால் படம் நாளடைவில் மங்கிவிடும்.

இதே வகை ஃபிலிமை மீண்டும் தயாரிக்க 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டிய நியூ55 முயற்சியும் 2017-இல் நின்றுபோனதால், இன்று கிடைப்பது பெரும்பாலும் காலாவதியான சரக்கே. உறையின் பை இருக்கும் முனையை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். மெத்தென்றில்லாமல் கட்டியாக இருந்தால் பசை உறைந்துவிட்டது. உருளையில் இழுத்தாலும் மூலைகளுக்குப் பரவாது. அந்தத் தாளை வீசிவிட வேண்டாம். படமெடுத்தபின் உருளையில் நசுக்காமல் ஹோல்டரிலிருந்து விடுவித்து, முழு இருட்டில் உறையைப் பிரித்து, நெகட்டிவை மட்டும் சாதாரண கருப்பு-வெள்ளை டெவலப்பரிலும் ஃபிக்சரிலும் கழுவிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை