ஈனும் பெட்டியைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண்மைப் பக்கத்தில் அண்மையில் வெளியான முயல் வளர்ப்புக் கட்டுரையில், குட்டி ஈன்ற முதல் வாரம், ஈனுவதற்காகக் கூண்டுக்குள் வைக்கும் பெட்டியின் பக்கமே போகக் கூடாது என்றும், மனிதக் கை பட்டால் தாய் முயல் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்றும் கூறப்பட்டிருந்தது. வளர்ப்பு முயல்களைப் பொறுத்தவரை இது சரியன்று. நாள்தோறும் தீவனம் வைக்கும் கையின் வாடை தாய்க்குப் பழகிப்போன ஒன்றுதான். அந்தக் கையைக் கழுவிவிட்டு, தாயின் ரோமத்தில் ஒரு முறை தடவிக்கொண்டு குட்டிகளைத் தொட்டால் எந்தத் தீங்கும் நேராது. மாறாக, தொடக் கூடாது என்று விலகி நிற்பதால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய குட்டிகள் பல, பெட்டிக்குள்ளேயே யாரும் அறியாமல் மடிகின்றன.

பிறந்த முயல் குட்டிக்கு ரோமம் இராது, கண் திறந்திராது, காதும் கேட்காது. அதன் எடை பெரும்பாலும் 40 முதல் 60 கிராம்தான். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் வாரத்தில் அதற்கு மிகக் குறைவு. அப்படியிருந்தும், கோழி அடைகாப்பது போலத் தாய் முயல் குட்டிகளின் மேல் படுத்துக் கிடப்பதில்லை. பொதுவாக ஒரு நாளைக்கு ஒரே முறை பெட்டிக்குள் வந்து, மூன்று நான்கு நிமிடங்களில் பால் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். இதைக் கண்டு, தாய் குட்டிகளைச் சீந்தவில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெட்டிக்கு வெளியே விழுந்த குட்டியைப் பூனையைப் போலக் கவ்வி உள்ளே கொண்டுவரும் பழக்கமும் முயலுக்கு இல்லை. ஆகவே, பால் குடித்துக்கொண்டிருக்கையில் தாய் திடீரென்று வெளியே தாவும்போது காம்பைப் பற்றியபடி இழுபட்டு வந்து கம்பித் தரையில் விழும் குட்டி, யாராவது பார்த்து எடுத்துப் போட்டாலொழிய, குளிர்ந்து இறந்துவிடும்.

இதைத் தடுப்பதற்குத்தான் பெட்டியின் வாயிலில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தடுப்புப் பலகை வேண்டும் என்பது. தாய் உள்ளே திரும்புவதற்கு இடமிருந்தால் போதும். நடுத்தர அளவு முயலுக்கு 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் தாராளம். பெட்டி மிகப் பெரிதாக இருந்தால் குட்டிகள் சிதறிப்போய், ஒன்றன் சூடு மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போகும். இனச்சேர்க்கையிலிருந்து 27 அல்லது 28ஆம் நாளில் பெட்டியைக் கூண்டுக்குள் வைப்பது நல்லது. அதற்கு முன்பே வைத்துவிட்டால் தாய் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். ஈனும் நாளில் நனைந்த படுக்கையே மிஞ்சும். அடியில் மரச்சீவலும் அதன் மேல் காய்ந்த புல்லோ வைக்கோலோ நிறைய இருக்க வேண்டும். தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி இதன் மேல் மெத்தை போடும். முதல் ஈற்று முயல்கள் சில இதைச் செய்யாமல் விட்டுவிடும். ஈனும் தறுவாயில் வயிற்று ரோமம் தளர்ந்திருக்கும் என்பதால், நாமே மெல்லப் பிடுங்கிப் பரப்பிவிடலாம். ரோமம் மிகுதியாகப் போடும் முயலிடமிருந்து கொஞ்சம் எடுத்து, சுத்தமான பையில் சேர்த்து வைத்திருப்பதும் உதவும்.

இனி, பெட்டியைத் திறந்து எதைப் பார்ப்பது? ஈன்ற அன்றே, தாய் பசுந்தழை தின்றுகொண்டிருக்கும் நேரம் பார்த்து, ரோமத்தை விலக்கி, இறந்த குட்டிகளையும் நஞ்சுக்கொடியின் மிச்சங்களையும் நீக்கிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு குட்டியின் வயிற்றையும் பார்க்க வேண்டும். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு திரண்டிருக்கும். மெல்லிய தோலினூடே உள்ளிருக்கும் பால் வெண்மையாகத் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, தொட்டவுடன் வாயைத் தூக்கித் தேடும். எல்லாக் குட்டிகளுமே அப்படி இருந்தால் தாயின் மடியைத் தடவிப் பார்க்க வேண்டும். மடி கல்லைப் போல் இறுகிச் சுட்டால் அது மடிவீக்கம். கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். மடி நன்றாக இருந்தும் தாய் பெட்டிக்குள் போகாவிட்டால், நாளுக்கு ஒரு முறை அதைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, பால் கொடுத்து முடிக்கும்வரை அமைதியாகப் பிடித்துக்கொள்ளலாம். காம்புகள் எட்டு அல்லது பத்துதான் என்பதால், அதற்கு மேற்பட்ட குட்டிகளை, இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசத்திற்குள் ஈன்ற வேறொரு தாயிடம் மாற்றிவிடலாம். இரண்டு மூன்று முயல்களை ஒரே நாளில் இணைசேர்ப்பது இதற்காகவே.

சில்லிட்டு அசைவற்றுக் கிடக்கும் குட்டியை இறந்துவிட்டதாக எண்ணி உடனே எறிந்துவிடக் கூடாது. உள்ளங்கையிலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ வைத்துப் பொறுமையாகச் சூடேற்றினால், அரை மணி நேரத்தில் அது காலை உதைக்கக் காண்பதுண்டு. சூடேறுவதற்கு முன் பால் புகட்டக் கூடாது. பசும்பால் முயல் பாலுக்கு ஈடாகாது. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிடப் பன்மடங்கு அதிகம். இயன்றவரை வேறொரு தாய் முயலின் பாலையே நாட வேண்டும்.

வெயில் காலத்தில் நிலைமை நேர்மாறானது. குட்டிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, சிவந்து, ரோமத்திற்கு வெளியே மல்லாந்து கிடந்தால் பெட்டி புழுங்குகிறது என்று பொருள். ரோமத்தில் பாதியை எடுத்துவிட்டு, பெட்டியின் பக்கங்களில் துளையிட வேண்டும். அடிப்பலகையிலும் துளைகள் இருந்தால்தான் சிறுநீர் வடியும். எறும்பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் ஒரே இரவில் ஓர் ஈற்றையே அழித்துவிட அதனால் முடியும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிறுத்துவதைவிட எளிய காப்பு இதற்கில்லை.

குட்டிகளைத் தின்றுவிட்டது என்று தாயின் மேல் பழி போடுமுன், ஈன்ற இரவில் குடிநீர் இருந்ததா, நாயோ எலியோ கூண்டைச் சுற்றி வந்ததா என்று பார்க்க வேண்டும். முதல் ஈற்றில் தவறும் முயலுக்கு மறுவாய்ப்பு அளிப்பது நியாயம். எல்லாம் ஒழுங்காக இருந்தும் அடுத்தடுத்த ஈற்றுகளிலும் குட்டிகளைக் கைவிடும் முயலை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாம். அதன் பெண் குட்டிகளையும் தாயாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இப்படிக்கு,
முயல் வளர்ப்பாளர் ஒருவர்