ரெண்டாம் கிளாஸ் பெற்றோர்களுக்கு, அந்த ஏடிஹெச்டி டெஸ்ட் பத்தி

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

உங்க குரூப்ல ஒரு ஆன்லைன் டெஸ்ட் லிங்க் சுத்துதாம், கேள்விக்கு டிக் அடிச்சா பிள்ளைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத, ஓயாம துறுதுறுன்னு இருக்கற கோளாறு, இருக்கான்னு சொல்லிடுமாம், அதை போட்டு பார்த்துட்டு "மேடம், எங்க பையனுக்கு இருக்குன்னே வந்துருச்சு, மாத்திரை குடுக்கணுமா"ன்னு தனித்தனியா கேக்குறீங்க. அதான் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

முதல்ல பிள்ளையோட பிறந்த மாசத்தை பாருங்க. நம்ம அட்மிஷனுக்கு வயசு கணக்கு பாக்கற கடைசி தேதி, அதாவது கட்-ஆஃப், ஜூலை 31. அதனால ஆகஸ்ட்ல பிறந்த பொண்ணும் அடுத்த வருஷம் ஜூலைல பிறந்த பையனும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க, கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம், அந்த வயசுல ஒரு வருஷம்னா சும்மாவா? அவ போர்டுல உள்ளதை எழுதி முடிச்சு அடிக்கோடும் போட்டிருப்பா, இவன் அதுக்குள்ள பென்சில் சீவறேன்னு மூணு தடவை குப்பைத்தொட்டிக்கு போயிட்டு வந்திருப்பான்.

அமெரிக்காவுல செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்கள்ல, கிளாஸ்லயே பெரியவங்களான செப்டம்பர் பிள்ளைங்களை விட, சின்னவங்களான ஆகஸ்ட் பிள்ளைங்களுக்கு ஏடிஹெச்டின்னு எழுதறது 34 சதவீதம் அதிகம்னு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியால கட்-ஆஃப் டிசம்பர் 31. அங்க கிளாஸ்லயே சின்னவங்க டிசம்பர்ல பிறந்தவங்கதான், அந்த பசங்களுக்கு ஜனவரி பசங்களை விட 30 சதவீதம், பொண்ணுங்களுக்கு 70 சதவீதம் அதிகம், மாத்திரையும் அவங்களுக்குத்தான் கூட. கட்-ஆஃப் தேதி மாறினா நோயும் கூடவே மாசம் மாறி வருமா என்ன?

டாக்டருங்க ஒரு நாள் பார்த்துட்டு சொல்லக்கூடாத விஷயம் இது. ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். ஸ்கூல்ல மட்டும் பிரச்சனைன்னா எங்களையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க, தப்பில்ல. கண்ணு, காது செக் பண்ணுங்க, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போன் பார்த்த பிள்ளை காலைல எப்படி கவனிக்கும்?

ஏடிஹெச்டியே பொய்னு நான் சொல்லல. நிஜமாவே இருக்கற பிள்ளைங்க உண்டு, மாத்திரையால நல்லா படிக்கறவங்களும் உண்டு, ஏற்கனவே குடுத்துட்டு இருக்கறவங்க இந்த லெட்டரை நம்பி நிறுத்திடாதீங்க, உங்க டாக்டரை கேளுங்க.

இனிமே டைரில "ஹைப்பர்"னு எழுத வேண்டாம்னு டீச்சர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுதுவாங்க, டாக்டர்கிட்ட காட்டணும்னா அதையே லெட்டரா தருவோம். சனிக்கிழமை மீட்டிங்ல கிளாஸ் டீச்சரும் நானும் இருப்போம், தனியா பேசணும்னா ஆபீஸ்ல பேர் குடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை