நம்மூர்ப் பழைய வீடுகள் பாதுகாப்புச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

பேரவைக்கு வந்திருக்கும் ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஊர் வந்த கையோடு இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும் வெளியூர்ப் பங்காளிகளுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போலக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு மேலத்தெருவில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை இழந்தோம். யாரும் அதை ஒரே நாளில் இடித்துவிடவில்லை. முதலில் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஓடு சரிந்தது. பங்குள்ள புள்ளிகள், அதாவது பங்காளிக் குடும்பங்கள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். யார் செலவு செய்வது என்று பேசியே இரண்டு மழைக்காலம் போயிற்று. உத்தரம் ஊறி வளைந்த பிறகு, “இனிமேல் எதற்குச் செலவு?” என்ற பேச்சு வந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள் முதலில் விலைக்குப் போயின, அப்புறம் முகப்பின் நிலையும் கதவும். மரத்தை உருவிய வீட்டில் சுவர் எத்தனை நாள் நிற்கும்? நாங்கள் பேசப் போனபோது முன்பணம் கைமாறியிருந்தது. ஓடு சரிந்த அன்றே போயிருக்க வேண்டும். போகாதது சங்கத்தின் தவறு என்று இங்கே பதிவு செய்கிறேன்.

சட்டம் தடுக்காதா என்று பலர் கேட்டீர்கள். 1958 மத்தியச் சட்டமும் 1966 மாநிலச் சட்டமும் பாதுகாக்கப்பட்டவை என்று அரசு அறிவித்த நினைவுச் சின்னங்களுக்கானவை. நம் வீடுகள் அப்படி அறிவிக்கப்படாத தனியார் சொத்து. 2014இல் செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது. 73 ஊர்களும் 2 நகரங்களும் கொண்ட பகுதி என்று அதில் நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் ‘பின்னால் பரிந்துரைக்கக்கூடும்’ என்று நாடு கொடுத்து வைக்கிற பட்டியல்தான் அது. அதைக் காட்டி ஒரு கதவைப் பெயர்த்து விற்பதைக்கூடத் தடுக்க முடியாது.

நமக்குப் பயன்படக்கூடியது தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம். 2012இல் நிறைவேறி, 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் பட்டியலில் சேரும் கட்டடத்தை இடிப்பதற்கோ மாற்றுவதற்கோ முன்பு ஆணையத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் வீடுவீடாக வரைபடம், புகைப்படம், கட்டிய ஆண்டு, பங்காளிகள் விவரம் எல்லாம் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். சில வீடுகளில் எங்களை உள்ளே விடவில்லை. “பட்டியலில் சேர்த்தால் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்க முடியாது” என்று பயப்படுகிறார்கள். நூறு மீட்டருக்குள் கட்டக்கூடாது என்ற தடை மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றித்தான், 2010 திருத்தத்தின்படி. அதற்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. இதைத் தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மனசுக்கு நிறைவான காரியம் ஒன்றும் நடந்தது. வடக்குத்தெருவில் ஒரு வீட்டுப் பங்காளிகள் கல்யாணத்துக்குக் கூடிய இடத்திலேயே பேசி, புள்ளிக்கு இவ்வளவு என்று வைத்து, நடு முற்றம் உள்ள பகுதியான வளவைச் சுற்றி ஓடு மாற்றினார்கள். முன்பு யாரோ பூசியிருந்த சிமெண்டுக்குள் ஈரம் அடைபட்டு, சுவர் உப்புப் பூத்திருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் மூன்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வேலை செய்தார். நல்ல மழை பெய்த அன்று நான் அங்கே இருந்தேன். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் வளவு முற்றத்து அண்டாக்களில் விழுந்து நிரம்பி, மிச்சம் தெருக் கால்வாய் வழியே ஊருணிக்கு ஓடியது. பல வருஷம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அந்த வீட்டு ஆச்சி அழுதுவிட்டார்.

ஊருணிக்குப் போகும் கால்வாயை இளைஞர்கள் தூர்வாரினார்கள். அவர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தைப் பேரவை முன் வைக்கிறேன்: பூட்டிக் கிடக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும், ஊரில் இருக்கும் ஒருவரிடம் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சாவியும் இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிப் பார்த்து, விலகிய ஓட்டைச் சரிசெய்ய அந்தக் கடிதம் போதும். படிவம் வாசலில் இருக்கிறது. இன்று வந்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டே ஊர் திரும்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்