62ஆவதாக வந்த பெடியன்

மொன்றியல்
2025 யூலை 27

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து இங்கே எல்லோருக்கும் நிம்மதி. டொக்டர் சொன்ன நடையை ஒழுங்காக நட. படி ஏறுவதில் மட்டும் வீரம் காட்டாதே.

நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உங்கள் டொரொன்ரோ ஐஸ் ஹொக்கி டீம் லீஃப்ஸ் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். பிளேஓஃப் என்ற வெளியேற்றுச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் சொந்த அரங்கில், ஃபுளோரிடாவிடம் 6-1 என்று தோற்றது மே மாதத்திலிருந்து உனக்கு இன்னும் செமிக்கவில்லை. இப்போது உங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் மார்னரும் வேகாஸுக்குப் போய்விட்டான். "எல்லாவற்றையும் இடித்துப்போட்டு உங்களைப் போல அத்திவாரத்திலிருந்து கட்டினால் என்ன?" என்று கேட்கிறாய். கேட்பது சுலபம் மச்சான். அந்த இடிபாட்டை மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்தவன் நான். சும்மா கைதட்டுகிற விஷயம் இல்லை அது.

2021 யூன் 24, சென்-ஜோன் பெருநாள் இரவு. வேகாஸுக்கு எதிராக ஓவர்டைமில் லெஹ்கொனென் கோல் அடிக்க, 1993க்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் டீம் கனடியன்ஸ், லீக்கின் பெரிய கிண்ணமான ஸ்டான்லி கப் இறுதிக்குப் போனது. சென் கத்தரின் தெருவில் விடியும்வரை ஹோர்ன் சத்தம். அடுத்த சீசன் முடியும்போது 82 ஆட்டத்தில் 22 வெற்றி, 55 புள்ளி, முழு லீக்கிலும் கடைசி இடம். கப்டன் வெபர் அந்த இறுதிக்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கேரி ப்ரைஸ் கடைசியில் வந்து ஐந்து ஆட்டம் ஆடினார், அத்தோடு சரி. இறுதிக்குப் போன டீம் என்று நாங்கள் நினைத்ததை, ப்ரைஸ் என்ற ஒரு கோலி தூக்கிச் சுமந்திருக்கிறார். அவர் இறக்கி வைத்ததும் மிச்சம் தெரிந்துவிட்டது.

பழைய மனேஜர் பெர்ஜெவனை அனுப்பிவிட்டு மேலே ஜெஃப் கோர்ட்டனை வைத்தார்கள். 2022 ஜனவரியில் மனேஜராக கென்ட் ஹியூஸ் வந்தார். அவர் அதுவரை ஆட்டக்காரர்களின் ஏஜென்ட். கிளப்காரர்களிடம் பேரம் பேசிச் சம்பளத்தைக் கூட்டிக்கொடுத்தவரே இப்போது கிளப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பெப்ரவரியில் சென் லூயியைக் கோச்சாகக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் அவர் கோச் பண்ணியது தன் மகன் ஆடிய சின்னப் பிள்ளைகளின் டீமை! நீ அப்போது ஃபோன் எடுத்துச் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த சீசனில் காஃபீல்ட் முதல் 30 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்திருந்தான். சென் லூயி வந்த பிறகு 37 ஆட்டத்தில் 22.

அப்புறம் விற்பனை தொடங்கியது. டொஃபோலி கல்கரிக்கு. சியாரோ ஃபுளோரிடாவுக்கு. லெஹ்கொனென் கொலராடோவுக்கு. மற்ற இரண்டும் பரவாயில்லை, லெஹ்கொனென் போனது என் மனிசிக்கே பிடிக்கவில்லை. அவன் அங்கே போய் மூன்று மாதத்தில், கொலராடோவுக்குக் கப்பை வென்று கொடுத்த கோலையே அடித்தான். அன்று டிவி பார்த்துக்கொண்டு சந்தோஷப்படுவதா வயிறெரிவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் டீமை இடிக்கச் சொல்கிறாயே, இதற்கு நீ தயாரா? நல்ல விலை வருகிறபோது விற்க வேண்டும். நல்ல விலை வருவது நீ ஆசையாகப் பார்க்கிற ஆட்டக்காரனுக்குத்தான்.

அந்த வருட ட்ராஃப்ட், அதுதான் டீம்கள் முறைவைத்துப் புதுப் பெடியன்களைத் தெரிவு செய்கிற நிகழ்ச்சி, இங்கேயே, பெல் சென்டரில் நடந்தது. யூலை 7. கடைசி இடம், யாருக்கு முதல் தெரிவு என்று பார்க்கிற லொட்டரியும் எங்களுக்கே விழுந்தது, முதல் தெரிவு கையில். இரண்டு மூன்று வருடமாக எல்லோரும் ஷேன் ரைட் என்ற பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மகன் ஹோலில் நின்றபடியே பார்த்தான், உட்காரவே இல்லை. ஸ்லாஃப்கோவ்ஸ்கி என்று பெயர் சொன்னதும் அரங்கில் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாத ஒரு முனகல், பிறகுதான் ஆரவாரம். ரைட் நான்காவதாக சியாட்டிலுக்குப் போனான். மேடைக்கு நடக்கும்போது மொன்றியல் மேசைப் பக்கம் அவன் ஒரு பார்வை பார்த்தான் பார், அதை இங்கே கிழமைக்கணக்காகப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். தான் முறைக்கவில்லை என்று அவன் பிறகு சொன்னான். நான் நம்பவில்லை. பதினெட்டு வயதில் எனக்கு அப்படி நடந்திருந்தால் நானும் முறைத்திருப்பேன்.

ஆனால் அன்றைய பெரிய கதை அது இல்லை என்பது என் எண்ணம். ஸ்லாஃப்கோவ்ஸ்கி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் ஏழு கோல் அடித்து, ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்து, சிறந்த ஆட்டக்காரன் பரிசும் எடுத்தவன். ஆறடி நாலங்குலம். போன இரண்டு சீசனிலும், கோலும் அசிஸ்டும் (கோலுக்கு எடுத்துக்கொடுத்தது) சேர்த்து, ஐம்பது புள்ளிக்குக் குறையவில்லை. ரைட்டும் போன சீசனில் 44 எடுத்தான். யாரை எடுத்திருந்தாலும் வானம் இடிந்திருக்காது. அன்றிரவு அரங்கில் இருந்தவர்கள் சண்டை பிடித்ததெல்லாம் இந்த இரண்டு பெயரைப் பற்றித்தான்.

அதே இரவில் எங்கள் டிஃபென்ஸ்காரன் ரோமானோவை நியூயோர்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து 13ஆவது தெரிவை வாங்கி, அந்தத் தெரிவைச் சூட்டோடு சூடாக சிகாகோவுக்குக் கொடுத்து கிர்பி டாக்கை எடுத்தார்கள். இரண்டு கொடுக்கல் வாங்கலிலும் பின்சுற்றுத் தெரிவு ஒவ்வொன்று சில்லறையாகப் போனது. டாக் 2019இல் மூன்றாவதாகப் போனவன், உயரமான சென்டர் (முன்வரிசையில் நடுவில் ஆடுகிறவன்), வயது 21. கணக்குப் பார்த்தால் சரி. ஆனால் முழங்கால் விடவில்லை. ஒரு சீசனில் இரண்டே ஆட்டம், போன சீசனிலும் பாதியில் மறுபடி ஒப்பரேஷன். ரோமானோவுக்கு ஐலண்டர்ஸ் இந்தக் கோடையில் எட்டு வருட ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. அவனைக் கொடுத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

இனி நான் உனக்குச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஓகஸ்டில், யாரும் ஹொக்கி பற்றிக் கதைக்காத காலத்தில், கல்கரிக்காரர்களுக்கு காட்ரி என்ற ஆட்டக்காரனை எடுக்கச் சம்பளத்தில் இடம் தேவைப்பட்டது; ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறதே. அவர்களின் ஷோன் மொனஹனுக்கு இடுப்பில் ஒப்பரேஷன், சம்பளமோ ஆறு மில்லியனுக்கு மேல். "இவனை எங்கள் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள், கூலியாக ஒரு முதல் சுற்றுத் தெரிவும் தருகிறோம்" என்ற மாதிரி ஒரு ஏற்பாடு. எங்களுக்கு அப்போது தோற்கத்தானே போகிறோம், சம்பளத்தில் இடம் கிடந்தது. வாங்கிப் போட்டார் ஹியூஸ். மொனஹன் குணமாகி நன்றாக ஆடியதும் 2024 பெப்ரவரியில் அவனை வினிபெக்குக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்றுத் தெரிவு. அதை வைத்துக்கொண்டு அந்த வருட ட்ராஃப்டில் ஐந்து இடம் முன்னுக்குப் போய் மைக்கல் ஹேஜை எடுத்தார்கள்.

கல்கரி கொடுத்த கூலித் தெரிவு இந்த வருடம் 16ஆவதாக வந்து விழுந்தது. எங்கள் சொந்தத் தெரிவு 17. இரண்டையும், கூடவே எமில் ஹைனமனையும் கொடுத்து, போன மாதம் ட்ராஃப்ட் அன்றே ஐலண்டர்ஸிடம் நோவா டொப்சனை வாங்கியாச்சு. ஒரு சீசனில் 70 புள்ளி எடுத்த டிஃபென்ஸ்காரன், வயது 25. ஹைனமன் யார் தெரியுமா? டொஃபோலியை விற்றபோது கல்கரியிலிருந்து வந்த பெடியன். 2022இல் யாருமே திரும்பிப் பார்க்காத இரண்டு ஏற்பாடுகள் மூன்று வருடம் கழித்து ஒன்று சேர்ந்து டொப்சனாக வந்து நிற்கின்றன. கோடையில் டீம் செய்கிற வேலைக்கு அதே கோடையில் புள்ளி போடாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

லேன் ஹட்சன் கதையையும் கேள். 2022 ட்ராஃப்டின் இரண்டாம் நாள், 62ஆவது தெரிவு. மெலிந்த பெடியன், ஐந்தடி எட்டு ஒன்பது அங்குலம், டிஃபென்ஸுக்கு இது காணாது என்று எல்லா டீமும் தள்ளிப் போனது. எல்லா டீமும் என்றால் எங்கள் டீமும்தான்! அவனுக்கு முன் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, 26இல் மெஷார், 33இல் பெக் என்று மூன்று தரம் மொன்றியல் வேறு பெயர் சொல்லியது. போன சீசனில் அவன் 66 புள்ளி, அதில் 60 அசிஸ்ட், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் பரிசு. நீலக் கோட்டில் அவன் பக்கை (அந்த ரப்பர் வட்டை) வைத்துக்கொண்டு நிற்கிறதைப் பார்த்திருப்பாய். தோளை இடப்பக்கம் ஒரு வெட்டு, எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான், இவன் வலப்பக்கம் ஐஸில் இரண்டு எட்டுப் போயிருப்பான். பக் மட்டும் தடியை விட்டுப் போகாது. அவனை நம்பி ஆட விட்டது சென் லூயி. அவரும் ஐந்தடி எட்டங்குலம், அவரை எந்த டீமும் ட்ராஃப்டில் எடுக்கவேயில்லை.

அந்த வருடம் நாங்கள் எடுத்தது மொத்தம் பதினொரு பேர். பதினொன்றில் ஒன்று ஹட்சன். இதை ஹியூஸின் ஞானக்கண் என்று இங்கே சிலர் கதைக்கிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அப்படிக் கண் இருந்தால் 2023இல் ஐந்தாவது இடத்தில் மிச்கோவை விட்டிருக்க மாட்டார்களே. அவன் பிலடெல்பியாவில் முதல் சீசனிலேயே 26 கோல். நாங்கள் எடுத்த ரைன்பாகர் காயத்திலேயே வருடங்களைக் கழிக்கிறான். பாவம், அந்தப் பிள்ளையை ட்ராஃப்ட் நாளிலிருந்தே இங்கத்தைய ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் திட்டி எழுதினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன, தானாகவா தன்னைத் தெரிவு செய்தான்? யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது மச்சான். தெரியாத விளையாட்டில் கையில் சீட்டுகள் கனக்க இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டு என்றதும் உனக்கு விளங்கும். ஸ்காபரோவில் நீ பிடிக்காத சீட்டா! அவசரக்காரன் கழிவு கொடுத்து முதலிலேயே எடுத்துக்கொண்டு போவான், பொறுத்தவன் கடைசியில் முழுத்தொகை எடுப்பான். லீஃப்ஸ் அவசரக்காரன். இந்த வருட முதல் சுற்று மெக்கேபுக்காக சிகாகோவுக்குப் போனது. 2026 கார்லோவுக்காக பொஸ்ரனுக்கு, 2027 லோட்டனுக்காக பிலடெல்பியாவுக்கு. 2009இல் கெசலுக்காக இரண்டு முதல் சுற்றைக் கொடுத்ததையும், அவை செகினும் ஹமில்ரனுமாக மாறியதையும் நான் நினைவூட்டத் தேவையில்லை. இப்போது நீங்கள் டீமை இடித்தால் கடைசி இடத்துக்குப் போவீர்கள், பரிசை வேறு டீம்தான் எடுத்துக்கொண்டு போகும். மிக முன்னுக்கு விழுந்தால் கொடுக்கத் தேவையில்லை என்று அந்தத் தெரிவுகளில் கொஞ்சம் பாதுகாப்பு எழுதியிருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி இடிக்க முடியாது. ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு இடிக்காதீர்கள். உங்கள் நட்சத்திரங்கள் மத்தியூசும் நைலண்டரும் இருக்கிறவரை ஓடுகிறவரை ஓடட்டும். மொனஹன் மாதிரி யாராவது கழித்துவிடப்பட்ட ஆள் கிடைத்தால் பாருங்கள்.

வீட்டுக் கதை. மகள் யூலை முதலாம் திகதி வீடு மாறினாள். உங்களுக்கு அது கனடா தினம், எங்களுக்குத் தெரியும்தானே, ஊரே வீடு மாறுகிற நாள். நடைபாதை முழுக்க மெத்தையும் அடுப்பும். வில்றேயில் மூன்றாம் மாடி, வெளியே வளைந்து போகிற இரும்புப் படி. மகனும் அவன் கூட்டாளிகளும் குளிர்சாதனப் பெட்டியைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு பாதிப் படியில் நிற்கும்போது ஒருவனின் ஃபோன் அடித்தது. எங்கள் டிஃபென்ஸ்காரன் மையூவை சென் லூயிஸ் நகர டீமுக்குக் கொடுத்து சாக் போல்டுக்கை வாங்கியாச்சாம். பெட்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நான்கு பேரும் விவாதம்! கீழே நின்ற எனக்கு உயிர் போய் வந்தது.

மகள் மட்டும் மேலேயிருந்து "போனது நல்லது" என்றாள். அவள் 2021இல் மையூவை எடுத்ததோடு கனடியன்ஸ் பார்ப்பதை விட்டவள். ஒரு பெண்ணின் சம்மதமில்லாமல் எடுத்த படத்தைப் பகிர்ந்து ஸ்வீடனில் தண்டம் கட்டியவன், இந்த வருடம் என்னைத் தெரிவு செய்யாதீர்கள் என்று தானே கேட்டிருந்தான். அப்படியும் முதல் சுற்றில் எடுத்தார்கள். பழைய நிர்வாகத்தின் வேலை அது. நான்கு வருடம் கழித்து அவனைக் கொடுத்து திருவா-றிவியேர்ஸ் பெடியன் ஒருவனை வாங்கியிருக்கிறார்கள். அவள் திரும்பப் பார்க்கத் தொடங்குவாளோ தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

போல்டுக் வந்தாலும் இரண்டாம் வரிசைக்கு ஒரு சென்டர் இன்னும் இல்லை. டாக்கின் முழங்காலை நம்பி இன்னொரு வருடமா என்று பயமாக இருக்கிறது. எங்கள் புதுப் பெடியன் டெமிடோவ் ஏப்ரலில் முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் ஒரு அசிஸ்டும் எடுத்ததைப் பார்த்துவிட்டு இங்கே எல்லோருக்கும் தலைகால் தெரியவில்லை. 91 புள்ளி எடுத்து, கடைசி ஆட்டத்தில் தப்பி, பிளேஓஃபுக்குள் நுழைந்து, வாஷிங்டனிடம் ஐந்து ஆட்டத்தில் வெளியேறிய டீம் என்பதை நான்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

புது சீசன் அட்டவணை பார்த்தாயா? ஒக்டோபர் 8, முதல் ஆட்டமே உங்கள் ஊரில், எங்களோடு. அந்தக் கிழமை அண்ணாவின் மகளின் கல்யாண அலுவலாக நான் அங்கே வரவேண்டியிருக்கிறது. அரங்கில் டிக்கெட் விலை கேட்டால் உன் முழங்கால் திரும்ப வீங்கும், வீட்டிலேயே பார்ப்போம். ஆட்டிறைச்சிக் கறியைத் தங்கச்சியிடம் சொல்லி வை, உறைப்பைக் குறைக்க வேண்டாம் என்று சொல். மார்னர் ஜேர்சியை என்ன செய்வதென்று எழுதியிருந்தாய். எறியாதே, பனிக்காலத்தில் கார் துடைக்க உதவும்.

அன்புடன்,
உன் மச்சான்