இரண்டாம் வாசகம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டு வெளியே போ மக்களே.

மூன்று மாதமாக ஒரு சத்தமும் இல்லை. போன ஞாயிறு வாட்ஸாப்பில் ஒரு படம் மட்டும் வந்தது, கீழே ஒரு எழுத்து கிடையாது. பைபிளில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைக் கடவுளுக்குப் பலியிடப் போகிற படம். ஓரத்தில் உன் விரல் விழுந்திருக்கிறது. அம்மா ஆபிரகாமையும் பார்க்கவில்லை, ஈசாக்கையும் பார்க்கவில்லை. அந்த விரலைப் பெரிதாக்கிப் பார்த்து, 'மெலிஞ்சு போனானே' என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு.

சித்தப்பா மகளிடம் கொடுத்துத் தேடச் சொன்னேன். ரெம்பிராண்ட் என்கிற டச்சு ஓவியர் 1635இல் வரைந்தது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறதாம். உங்கள் மியூனிக்கில் இருப்பது மறுவருடம் சீடன் ஒருவன் அதைப் பார்த்து வரைய, அவரே கைவைத்துத் திருத்தியதாம். திருத்தியதைப் படத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறதாம். கத்தி நழுவி அந்தரத்தில் நிற்கிறது. வானதூதர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சரி. ஆபிரகாமின் அந்த இடது கை? அது பையன் முகம் முழுவதையும் மூடி, தலையைப் பின்னுக்கு அமுக்கிக்கொண்டிருக்கிறது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. கழுத்தும் நெஞ்சும்தான் வெளிச்சத்தில். கத்தியைத் தடுத்த தூதர் அந்தக் கையை எடுத்துவிடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, பாஸ்கா திருவிழிப்பில் இரண்டாம் வாசகம், இந்த ஆபிரகாம் கதை, எப்போதும் என் பங்குதான், உனக்குத் தெரியும். 'நெருப்பும் விறகும் இருக்கு, ஆடு எங்கே' என்று பிள்ளை கேட்கிற இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். எல்லாரும் மெச்சுவார்கள். இந்த வாரம்தான் அதற்கு மேலும் வாசித்துப் பார்த்தேன். ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வந்தார் என்று இருக்கிறது; மகன் கூட வந்ததாக இல்லை. பிறகு அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசியதாக எங்கேயும் இல்லை. அப்பனை அடக்கம் பண்ணத்தான் ஈசாக்கு வருகிறான்.

ஜெர்மனியில் மகன் இருக்கிறான் என்று கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிகிறேன். ஆனால் அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறானா என்று பங்குச் சாமியார் கேட்டால் நான் என்ன சொல்ல? ஒரு போன் போட இரண்டு நிமிடம் ஆகுமா? கம்பளிச் சட்டை வாங்கினாயா?

அதே ரெம்பிராண்ட் 1655இல் இதையே மறுபடியும் செப்புத் தகட்டில் செதுக்கியிருக்கிறார். அதற்குள் மூன்று பிள்ளைகளைப் புதைத்திருந்தார். மிஞ்சின மகன் டைட்டஸ் 1641இல் பிறந்தவன், அப்போது அவனுக்கு நீ குருமடத்துக்குப் போன வயதுக்கு ஒன்றோ இரண்டோ குறைவு. அந்தப் படத்தில் பையன் அப்பன் மடிமேல் சாய்ந்திருக்கிறான். கை அவன் கண்ணை மட்டும் பொத்தியிருக்கிறது, அவன் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

இளங்குருமட வாசலில் நீ அழுதாய். டைபாய்டில் நீ கிடந்தபோது உன்னைச் சாமியாராக்குவதாக நேர்ந்துகொண்டது நான். அம்மா இல்லை, அவள்மேல் போட்டது என் பொய். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு என் கையால் உன் முகத்தை மூடினேன். நீ கூச்சப்படக் கூடாது என்றுதான் மூடினேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை மக்களே. அதிபர் சாமியார் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். 1655 படம் இல்லை, நீ அனுப்பிய படம்தான் சரி. ஆறு வருடம் கழித்து நீ பெட்டியோடு வந்து நின்றபோது எட்டு மாதம் உன்னிடம் பேசாமல் இருந்தவனும் நான்தான்.

பின்வாசல் பலா இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அம்மாவின் முட்டுவலி பரவாயில்லை. விரலைப் பார்த்து அவளுக்குத் தீரவில்லையாம், உன் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொல்கிறாள். காதை மூடிக்கொள்.

அப்பா